பெர்னிஸ் ஊற்றுக்கு வரவில்லை

கடற்பசுவைத் தொடாதே, தீனி போடாதே, தண்ணீர் காட்டாதே. இந்த மூன்றையும் நாளுக்கு நாற்பது தடவை சொல்வதுதான் டார்ப்ளி ஊற்றில் என் வேலை. சம்பளம் கிடையாது. கையில்லாத நீலச் சட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். முப்பத்தெட்டு வருஷம் கடலில் நண்டுக்கூடு போட்டுவிட்டு ஓய்ந்தவனுக்கு அதுவே பெரிய பதவி. குளிர்காலம் முழுக்க அதை மாட்டிக்கொண்டு மரப்பாலத்தில் நின்று, ஒஹையோவிலிருந்தும் மிச்சிகனிலிருந்தும் வேடிக்கை பார்க்க வருகிற சனங்களை மிரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாள் பையிலிருந்து கேரட்டை எடுத்ததற்காக அவளை அழவே வைத்திருக்கிறேன்.

எல்லாம் ஊருக்கு உபதேசம். அக்டோபரிலிருந்து தினமும் நாலு மணிக்கு என் வீட்டுப் படகுத்துறையில் குழாயைத் திறந்து ஒரு கடற்பசுவுக்குத் தண்ணீர் காட்டியவன் நானேதான்.

காரணம் என் மனைவி ஒலீட்டா. செப்டம்பரில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, கூடவே பேச்சும் போயிற்று. எங்கள் கால்வாய்க் கரையிலேயே அதிகம் பேசுகிறவள் அவள்தான். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டதில்லை. அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவளிடம் 'வேணாம்' என்ற ஒரே சொல்தான் மிச்சமிருந்தது. கஞ்சி வேணாம், மாத்திரை வேணாம், கையில் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லும் பயிற்சிக்காரப் பெண் வேணாம், நானும் வேணாம். நாள் முழுக்கப் பின்ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து கால்வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் துறையில் படகைக் கழுவிக்கொண்டிருந்தேன். குழாய்த் தண்ணீர் பலகை வழியாக வழிந்து கால்வாயில் விழுந்தது. எங்கள் கால்வாயில் உப்புக் கலந்த தண்ணீர். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் கடற்பசுக்கள் ஆற்றில் மூன்று மைல் மேலே ஏறி ஊற்றுக்குத்தான் போக வேண்டும். இது வாசலிலேயே கிடைக்கிறதென்றால் விடுமா? மல்லாந்து படுத்து, மீசை முளைத்த மூக்கை நீட்டி, வாயைத் திறந்து வாங்கிக் குடித்தது ஒன்று. ஜன்னலுக்குப் பின்னால் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஒலீட்டா பாதி முகத்தால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பெ... பெர்..." என்றாள்.

பெர்னிஸ் அவளுடைய அக்கா. சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து, தட்டுக் கழுவும் நேரத்துக்குச் சரியாகப் போகிறவள். கடற்பசுவுக்கு அவள் பெயரை வைத்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. படகைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். அன்று ராத்திரி ஒலீட்டா தட்டில் வைத்த மடவை மீனை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு எந்த முட்டாள் குழாயை மூடுவான்?

ஜனவரி மூன்றாவது சனிக்கிழமை காற்று வடக்கே திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது ஆரஞ்சு மரங்களில் பனி உறைந்து தொங்கியது. ஃபாரன்ஹீட் கணக்கில் தண்ணீர் அறுபத்தெட்டு டிகிரிக்குக் கீழே போனால் கடற்பசுவுக்கு ஆகாது. தீனி இறங்காது, குடல் நின்றுவிடும், தோல் வெளுக்கும். பார்க்கத்தான் மலை மாதிரி உடம்பு, குளிரைத் தாங்குகிற கொழுப்பு அதில் கிடையாது. ஊற்று மட்டும் கோடையோ குளிரோ எப்போதும் எழுபத்திரண்டு. அந்த நாலு டிகிரிதான் அவற்றுக்கு உயிர். அன்று மத்தியானம் எங்கள் கால்வாயில் அளந்து பார்த்தேன். ஐம்பத்தைந்து காட்டியது.

உடனே குழாயை முழுப் பலத்தையும் போட்டு இறுக்கி மூடினேன். தாகம் எடுத்தால் பெர்னிஸ் தானாகவே ஊற்றுக்குக் கிளம்புவாள் என்பது என் கணக்கு. பார்த்தால் மனசு இளகிவிடும் என்று பின்ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டேன்.

"பெர்னிஸ் ஊத்துக்குப் போயிட்டா கண்ணு. குளிர் விட்டதும் வந்துருவா" என்று ஒலீட்டாவிடம் சொன்னேன். ஏன் மூடினேன், எதற்குப் பயப்படுகிறேன், எதுவும் சொல்லவில்லை. பக்கவாதம் வந்தவர்களிடம் ஊரே சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோலத்தான் பேசுகிறது. நாற்பத்தோரு வருஷம் அவளோடு வாழ்ந்த நானும் அப்படித்தான் பேசினேன்.

திங்கட்கிழமை காலை ஊற்றின் மேல் ஆவி எழும்பி, எதிர்க்கரை தெரியவில்லை. முதலில் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அங்கே ஒரு 'பூஃப்', இங்கே ஒரு 'பூஃப்'. பிறகு வெயில் ஏற ஏற ஆவி விலகியது. நீலத் தண்ணீருக்கு அடியில் அவை கிழங்கு மூட்டைகளை அடுக்கியதுபோல ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. தாயின் கக்கத்தில் வாயை வைத்துக் குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. பெரிதுகள் தூக்கத்திலேயே மேலே மிதந்து வந்து, ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே மறுபடியும் இறங்கின. எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. அன்றைக்கு மட்டும் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு முதுகாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

கணக்கெடுக்கிற உயிரியல்காரி மரிசோல் சின்னத் தோணியில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். படகு இயந்திரத்தின் இறக்கையில் அடிபடாத கடற்பசு எங்கள் ஆற்றில் இல்லை. அந்தத் தழும்புதான் அவற்றுக்கு அடையாளம், அதை வைத்துத்தான் பெயர். நான் பாலத்தில் நின்று தழும்பைத் தேடிப் பதில் சொல்லி, பட்டியலில் கோடு போடுவேன்.

"ஏணி?"

"வந்தாச்சு. என் காலுக்கு அடியிலயே கெடக்கான்."

"அரைவால்?"

"குட்டியோட வந்திருக்கா. மகாராணி மாதிரி நடுவுல படுத்திருக்கா பாரு."

"கோடாலி?"

கோடாலிதான் எங்கள் பெர்னிஸ். முதுகில் அச்சு அசலாக ஒரு கோடாலித் தழும்பு உண்டு. என் பென்சில் அந்தப் பெயரிலேயே நின்றது.

"மிஸ்டர் வெர்லன், கோடாலி எங்க? போன வருஷம் முதல் குளிருக்கே மொத ஆளா வந்து எடம் புடிச்சாளே."

"வருவா. ஒம்பது மணிக்கு ஏத்தம் இருக்கில்ல, அதுல வருவா."

ஊற்றின் வாய் மேடானது. கடல் ஏற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் உயரும்போதுதான் பெரிய உடம்புகள் சிரமமில்லாமல் நுழையும். ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினான்கு நுழைந்தன. பெர்னிஸ் அவற்றில் இல்லை. அன்றைக்கு யார் யார் தண்ணீரில் கைவிட்டார்களோ, என்னென்ன போட்டார்களோ, எனக்குத் தெரியாது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் பின்ஜன்னல் திரை திறந்திருந்தது. ஒலீட்டா நாற்காலியில் உட்கார்ந்து, "பெர்... பெர்..." என்று இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வாசலில் நின்று கால்வாயை ஒரு பார்வை பார்த்தேன். தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது, மூக்கு எதுவும் தெரியவில்லை. போய்விட்டாள் என்று ஒரு நிம்மதி. துறைப் பலகைக்கு அடியில் குனிந்து பார்த்திருக்க வேண்டும். குனியவில்லை. "அவ ஊத்துல இருக்கா கண்ணு, நான் பாத்துட்டுத்தான் வர்றேன்" என்று பச்சைப் பொய் சொல்லித் திரையை மூடினேன். அவள் அழுதாள். பார்க்க முடியாத ஏக்கத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். அவளுடைய பாவாடை ஓரமும் செருப்பும் நனைந்திருந்தன. சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போயிருக்கிறது போல என்று எடுத்துக்கொண்டேன். அவள் மனசு நோகக்கூடாதே என்று ஒன்றும் கேட்காமல் உடை மாற்றிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. ஊற்றில் இருநூற்று நாற்பது, கோடாலி இல்லை. வீட்டில் திரை திறந்திருந்தது, பாவாடை நனைந்திருந்தது, "பெர்". திரையை மூடினேன், உடை மாற்றினேன்.

புதன்கிழமை ஊற்றில் இருநூற்று எண்பத்தேழு. அவ்வளவு கூட்டத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை. தண்ணீரே தெரியாமல் முதுகுகள் மட்டும் தெரிந்தன. சனங்கள் கையைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். எனக்கு அந்த இருநூற்று எண்பத்தேழின் மேலும் எரிச்சலாக வந்தது. மரிசோல் தோணியைப் பாலத்தோடு ஒட்டிக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உங்க கால்வாயில யாராவது குழாய் திறந்து விடுறாங்களா மிஸ்டர் வெர்லன்? போன வருஷம் ஒண்ண அப்படித்தான் பறிகொடுத்தோம். குழாய்க்குப் பழகிட்டா அது ஊத்த மறந்துடும். குளிர் வந்தாலும் அந்த எடத்த விட்டு நகராது."

"எங்க கால்வாயிலயா? எவனுக்கு அவ்வளவு தைரியம்?"

"இல்ல, ஒரு தடவை வீடு வீடாக் கேட்டுப் பாருங்களேன். உங்க பேச்சுக்கு அங்க மரியாதை இருக்கு."

"கேக்குறேன்" என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் சட்டை போகும், ஊர் சிரிக்கும், அதுகூடப் பரவாயில்லை. குளிர் விட்ட பிறகு ஒலீட்டாவுக்காக மறுபடியும் குழாயைத் திறக்க முடியாமல் போய்விடுமே என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அதுதான் காரணம். குழாய்தான் மூடியிருக்கிறதே, அனல்மின் நிலையம் ஆற்றில் விடுகிற சுடுதண்ணீருக்குப் போயிருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு அங்கேயும் போய், கம்பி வேலியைப் பிடித்தபடி இருட்டும்வரை ஒவ்வொரு முதுகாகப் பார்த்தேன். இல்லை. திரும்பி வரும்போது ஆற்றுப்பாலத்தில் வண்டியை நிறுத்தி, செத்து மிதக்கிறதா என்றும் பார்த்தேன். நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. அந்தப் பாலத்தில் கும்பிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஊற்றுக்கு வந்தான் கோய். துடுப்புப் படகு வாடகைக்கு விடுகிறவன், என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். படகுகளைக் கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் கால்வாய் வழியாகத்தான் வருவான்.

"என்னடா வெர்லன், இந்தக் குளிர்ல தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுறியா?"

"என்ன உளர்ற?"

"ஒன் துறையில குழாய் ஓடுதுடா. வர்றப்ப பாத்தேன், ஆவி பறக்குது. என்கிட்ட மறைக்காதடா. நீ எருமைக்குத் தண்ணி காட்டுற கதை எனக்கு நவம்பர்லயே தெரியும். நீ சட்டைய மாட்டிக்கிட்டு எல்லாரையும் அதட்டுறத பாத்துட்டு வீட்டுக்குப் போய்ச் சிரிப்பேன்."

பட்டியலை அவன் கையில் திணித்துவிட்டு ஓடினேன். அறுபத்தாறு வயதில் ஓடுகிற ஓட்டமா அது? மூன்று மைலும் வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை.

ஒலீட்டா துறையில் இருந்தாள். இரவு உடைக்கு மேல் என் கடல் கோட்டைப் போட்டுக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட நண்டுக்கூட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் பிடித்து நடக்கிற நடைக்கம்பி பக்கத்தில் விழுந்து கிடந்தது. ரப்பர் குழாயைப் பிடித்திருந்தது அவளுடைய வலது கை. மூன்று மாதமாகப் பந்தைக் கொடுத்தால் பொத்தென்று விட்டுவிடுகிற கை, இப்போது விரல் வெளுக்க இறுக்கிப் பிடித்திருந்தது. அரை நிமிஷம் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை, சந்தோஷம்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறகு கீழே பார்த்தேன். பெர்னிஸ் துறைக் காலோடு சாய்ந்து கிடந்தாள். மூக்கைச் சுற்றிலும் கைத்துடுப்பு ஓரங்களிலும் தோல் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. ஒரு மூச்சு. அடுத்த மூச்சுக்காக நான் காத்து நின்றேன், அது வரவே நேரமாயிற்று. ஒலீட்டா அவள் முதுகின் மேல், அந்தக் கோடாலித் தழும்பின் மேல், தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன காரியம் பண்ணிட்ட ஒலீட்டா! ஐயோ, என்ன பண்ணிட்ட!"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இடது கையால் என் கையைப் பிடித்து இழுத்து, குழாய்த் தண்ணீரின் கீழே வைத்தாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

குழாய்க்குத் தண்ணீர் தருகிற எங்கள் கிணறும் ஊற்றும் ஒரே சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து வருகிற தண்ணீர்தான். கிணற்றிலும் எழுபத்திரண்டு டிகிரிதான். ஆற்றோரம் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? திங்கட்கிழமையே இவள் பார்த்திருக்கிறாள், பெர்னிஸ் போகவில்லை, துறைக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடக்கிறாள் என்று. என்னைப் பிடித்து இழுத்து இழுத்துச் சொல்லியிருக்கிறாள். நான் திரையை மூடினேன். அதனால் தானே தவழ்ந்தோ தடுமாறியோ வந்து, நான் இறுக்கிய குழாயைத் திருகித் திறந்து, தன்னால் முடிந்த மட்டும் ஓர் ஊற்றை உண்டாக்கப் பார்த்திருக்கிறாள். மோட்டார் எரிந்துவிடுமே என்ற பழைய பழக்கத்தில் தினமும் மறக்காமல் மூடியும் இருக்கிறாள். அவள் நனைந்தது இந்தத் தண்ணீரில்தான். ஒரு முழ அகலத்துக்கு வெதுவெதுப்பு. பெர்னிஸ் அந்த ஒரு முழத்தை நம்பி, மூன்று மைல் தள்ளி இருந்த உயிரை விட்டுவிட்டாள்.

மரிசோலைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "கோடாலி என் வீட்ல இருக்கா. அக்டோபர்லேருந்து தண்ணி காட்டுனது நான்தான்" என்றேன்.

அவள் காரணம் கேட்கவில்லை. "குழாய மூடாதீங்க. இப்ப மூடுனா எங்கயாவது நகர்ந்து போய் முழுகிடும். தலைய தண்ணிக்கு மேல தாங்கிப் பிடிங்க. வண்டி வர ஒன்றரை மணி நேரமாகும்."

பலகையில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் அவள் தாடையைத் தாங்கிக்கொண்டேன். தொடாதே தொடாதே என்று ஆயிரம் பேரைத் துரத்தியவன் முதல் தடவையாக ஒரு கடற்பசுவைத் தொட்டது அப்போதுதான். ஈர மரப்பட்டையைத் தொட்டதுபோல இருந்தது. கை மரத்துப்போனது. "மூச்சு விடுடி. விடுடி பெர்னிஸ். தின்னுட்டுத் தின்னுட்டு ஓடுவியே, இப்ப ஓடேன்டி" என்று அழுதேன். ஒலீட்டா தலைக்கு மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது செப்டம்பருக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

எட்டுப் பேர் வந்தார்கள். வலையைக் கட்டி, தூக்குத்துணியில் கிடத்தி, புல்தரை வழியாக ஆயிரம் பவுண்டு உடம்பை வண்டிக்குத் தூக்கிப் போனார்கள். மிருக வைத்தியர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா இந்தக் குளிர்ல நிக்குது?" என்று கேட்டார். ஒலீட்டா வலது கையை மடியிலிருந்து தூக்கினாள். விரல்கள் ஒவ்வொன்றாக, நடுங்கி நடுங்கி, நிமிர்ந்தன. நாலு.

மரிசோல் என் பக்கம் வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "நாலு நாளா என் பக்கத்துல நின்னு கோடு போட்டீங்களே மிஸ்டர் வெர்லன்" என்று மட்டும் சொன்னாள். நானே சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் அதைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு ஏறினாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. தாம்பா மிருக ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பெரிய பாலம் ஏறுவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டதாம்.

பின்னறைக்குப் போவதற்குள் பொய் ஒன்று தயாராகிவிட்டது. பிழைத்துக்கொண்டாள், அங்கே பெரிய தொட்டியில் வைத்துக் கீரை போடுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஒலீட்டா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வலது கையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். நாளைக்கு மறுபடியும் குழாய் பிடிக்கத் தயாராகிறாள் போலிருந்தது. அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"செத்துட்டா ஒலீட்டா" என்றேன். "குழாய் ஓடுனதால நின்னுட்டா. போகவேண்டிய எடத்துக்குப் போகல. நீ காப்பாத்தத்தான் பாத்த. அவள அங்க நிக்கப் பழக்குனது நான். நீ நாலு நாளா கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்ன. நான் காது குடுத்துக் கேக்கல. ஊத்துல பாத்தேன்னு பொய் சொன்னேன்."

அவள் முகம் கோணியது. தொண்டையிலிருந்து என்னமோ ஒரு சத்தம் வந்தது, அது எந்தச் சொல்லும் இல்லை. பிறகு கையை ஓங்கி என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பலமான அறை. கண்ணில் பொறி பறந்தது, பல் உதட்டில் பட்டு ரத்தம் உப்புக் கரித்தது.

"இன்னொண்ணு குடு" என்றேன்.

கொடுத்தாள். அதுவும் வலது கையால்தான்.